தூரிகையோடு எழுபது ஆண்டுகள்



கலைஞர் ஒருவர் தம் முதுமையில் அமர்ந்து, தாம் கடந்து வந்த ஆண்டுகளையும் செய்து முடித்த பணிகளையும் திரும்பிப் பார்ப்பது நமக்கு எளிதில் கிடைக்கும் காட்சியன்று. பலர்க்கு அதற்குக் காலம் வாய்ப்பதில்லை. வாய்த்தவர்களுள்ளும் பலர் அந்நேரத்தைத் தம் பெருமை பேசுவதிலேயே கழித்துவிடுகின்றனர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் ஜப்பான் நாட்டு ஓவியர் ஹொக்குசாய். ஃபூஜி மலையின் நூறு காட்சிகளை வரைந்து அவர் 1834ஆம் ஆண்டில் ஒரு படநூல் வெளியிட்டார். அப்போது அந்நாட்டுக் கணக்கின்படி அவருக்கு வயது 75. அந்நூலின் இறுதியில் தம்மைப் பற்றிச் சிறு குறிப்பொன்று எழுதினார். ஒரு தாளில் அடங்கிவிடும் குறிப்புதான் அது.

அதன் கருத்தை என் சொற்களில் கூறுகிறேன். ஆறு வயது முதலே பொருள்களின் வடிவை வரையும் பழக்கம் தமக்கு இருந்ததாம். ஐம்பதாம் வயதிலிருந்து எத்தனையோ படங்களை வெளியிட்டாராம். ஆயினும் எழுபதுக்கு முன் செய்தவற்றுள் பொருட்படுத்தத் தக்கது ஒன்றுமே இல்லையாம். எழுபத்து மூன்றாம் வயதில்தான் பறவை, விலங்கு, மீன், பூச்சி ஆகியவற்றின் உடலமைப்பும் செடிகொடிகள் வளரும் இயல்பும் ஒருவாறு விளங்கலாயினவாம். இப்படியே உழைத்து வந்தால் எண்பத்தாறில் மேலும் முன்னேறலாம். தொண்ணூறில் பொருள்களின் உட்பொருளைக் காணலாம். நூறில் வியத்தகு நிலையை எய்தலாம். நூற்றுப்பத்தாம் வயதில் தாம் இடும் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கோடும் உயிர்பெற்று எழும் என்று அம்முதியவர் கணக்கிடுகிறார்.

இதை முதன்முறை படித்தபோது, என்னே இவர்தம் அடக்கம் என்று வியந்தேன். பலமுறை படித்த பின்னர் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. எழுபதுக்கு முன் செய்ததெல்லாம் வீண் என்று ஒருவர் தம்மைப் பற்றியே சொன்னால், அதை நாம் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டுமா? நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன். தம் விடைத்தாளைத் தாமே திருத்துவோர் ஒருபோதும் சரியாகத் திருத்துவதில்லை. சிலர் கூட்டி இடுவர்; சிலர் குறைத்து இடுவர். ஹொக்குசாய் குறைத்து இட்டுவிட்டார் என்பது என் கருத்து. ஆகவே அவருடைய தாளை நாம் ஒருமுறை மறுபடியும் பார்ப்போம்.

அவர் பிறந்தது 1760ஆம் ஆண்டு, எடோ மாநகரில். அந்நகரே இன்றைய தோக்கியோ. இளமையில் இரவல் நூல் கொடுக்கும் கடையொன்றில் வேலை செய்தார். பின்னர்ப் பதினான்கு வயதளவில் மரக்கட்டை செதுக்கும் தொழிலைக் கற்கப் புகுந்தார்.

இத்தொழிலைப் பற்றிச் சற்று விளக்குதல் நலம். அக்காலத்து ஜப்பானில் படங்கள் மரக்கட்டைகளால் அச்சிடப்பட்டன. ஓவியர் மெல்லிய தாளில் மையால் படத்தை வரைவார். அத்தாளைச் செர்ரி மரப் பலகையின்மேல் முகம் கவிழ்த்து ஒட்டுவர். செதுக்குவோர் கோடுகளை மட்டும் மேடாக நிறுத்தி, ஏனைய இடங்களை உளியால் குடைந்தெடுப்பார். அவ்வாறு செதுக்கும்போது ஓவியர் வரைந்த தாள் அழிந்துபோகும். பின்னர் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிப் பலகை செதுக்கப்படும். அச்சிடுவோர் பலகையில் வண்ணம் தடவி, ஈரத்தாளை அதன்மேல் இட்டு, மூங்கிற்பட்டை சுற்றிய வட்டத் திண்டு ஒன்றால் தேய்த்து எடுப்பார். ஆக, ஒரு படத்திற்கு ஓவியர், செதுக்குவோர், அச்சிடுவோர், முதலிட்டு விற்கும் பதிப்பாளர் என நால்வர் வேண்டும். நாம் ஹொக்குசாயின் படம் என்று சொல்வதில் முகம் தெரியாத பல கைகள் கலந்திருக்கின்றன.

உளி பிடித்த அச்சிறுவர் பதினெட்டாம் வயதில், நடிகர் படங்களுக்குப் பெயர் பெற்ற ஷுன்ஷோ என்னும் ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். 1779இல் ஷுன்ரோ என்னும் பெயரில் அவருடைய முதற்படங்கள் வெளிவந்தன. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அப்பள்ளியைச் சார்ந்திருந்தார். ஆசிரியர் மறைந்த பின்னர் அங்கே அவர் நிலைக்கவில்லை. மூத்த மாணவர் ஒருவர் அவர் எழுதிய கடைப்பலகையைக் கிழித்தெறிந்தார் என்றும், அந்த அவமானமே தம்மை உயர்த்தியது என்று அவர் பிற்காலத்தில் கூறினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியாயினும், 1795ஐ ஒட்டி அவர் வேறொரு மரபில் சோரி என்னும் பெயரோடு காணப்படுகிறார். அப்பெயரும் நன்கு விலைபோகத் தொடங்கிய வேளையில் அதைத் தம் மாணவர் ஒருவர்க்குக் கொடுத்துவிட்டு, 1798ஐ ஒட்டி எந்தப் பள்ளியையும் சாராமல் தனித்து வெளியேறினார். ஹொக்குசாய் என்னும் பெயர் அப்போது வந்தது.

தனித்து நிற்பது என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதன் விலையை எண்ணிப் பாருங்கள். பள்ளியின் பெயர் இருந்தால் பதிப்பாளர் தேடி வருவர். பெயரை விட்டவர் பதிப்பாளரைத் தேடிச் செல்ல வேண்டும். அவர் என்னென்ன வேலைகளை ஏற்றுக்கொண்டார் தெரியுமா? கவிதைக் கழகத்தார் தம் நண்பர்க்குப் புத்தாண்டில் வழங்கும் வாழ்த்துப் படங்கள், ஆண்டுக் குறிப்புப் படங்கள், நெடுங்கதைகளுக்குச் சித்திரங்கள். பகின் என்னும் பெரும் நாவலாசிரியருடைய கதைகளுக்கு அவர் வரைந்த படங்கள் அந்நாளில் பெரும்புகழ் பெற்றன. 1815இல் தாமே நடனம் பழகிக்கொள்வதற்கான படநூல் ஒன்றை வெளியிட்டார். கையும் காலும் எத்திசையில் நகர வேண்டும் என்று கோடுகளால் காட்டும் நூல் அது. சீப்புகளுக்கும் புகைக்குழாய்களுக்கும் உரிய அலங்கார வடிவங்களைத் தொகுத்துக் கைவினைஞர்க்காக ஒரு நூல் செய்தார். ஓவியம் கற்போர்க்கென 1812இல் அவர் வெளியிட்ட பாடநூலை நான் தனியே குறிப்பிட வேண்டும். எப்பொருளையும் வட்டத்திலும் நேர்கோட்டிலும் அடக்கி, அளவுகோலும் கவராயமும் கொண்டு எருதையும் பறவையையும் வரைய அந்நூல் கற்பிக்கிறது. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்னும் முறையில் சொல்கிறேன்: தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்லும் நெறியை அவர் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கற்கவில்லை.

பெருமளவிலும் அவர் படைத்தார், நுண்ணளவிலும் படைத்தார். 1804இல் எடோவின் கோயில் முற்றமொன்றில், மக்கள் கூடி நிற்க, துடைப்பம் போன்ற பெருந்தூரிகையால் மிகப் பெரிய தாளில் போதிதருமரின் உருவை வரைந்தார். 1817இல் நகோயா நகரிலும் அதுபோன்று 120 பாய் பரப்புள்ள தாளில் வரைந்து காட்டினார். ஜப்பானியர் தருமா என்று போற்றும் அப்பெரியார் தென்னாட்டிலிருந்து கீழ்த்திசை சென்றவர் என்பது மரபு. நம் காஞ்சியோடு அவரைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. அருகில் நின்றவர்க்கு வெறும் கறுப்புப் பட்டைகளாகத் தோன்றியவை உயரத்தில் ஏறிப் பார்த்தவர்க்கே முகமாகத் தெரிந்தனவாம். அதே கையால் ஓர் அரிசியில் குருவிகளை வரைந்தார் என்றும் சொல்வர்.

இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியவரை எப்படி மதிப்பிடுவது? இங்கே என் சொந்தச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியராக இருந்த ஊரில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவர் படித்தார். முதலில் குளத்து மண்ணெடுத்துப் பொம்மைகள் செய்தார். அடுத்து மூங்கிற் சிம்புகளால் கூண்டு விளக்குகள் கட்டினார். ஆண்டு விழாவுக்குத் திரைச்சீலை எழுதினார். பின்னர்க் கடைப்பலகைக்கு எழுத்து வரையும் பெரியவரோடு மாலைதோறும் சுற்றினார். ஒன்றைத் தொடங்கி, அது கைவந்ததும் மற்றொன்றுக்குப் போய்விடுவார். எனக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய தேர்ச்சி அட்டையில், "ஒன்றிலும் நிலைப்பதில்லை" என்று சிவப்பு மையால் எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் தந்தையார் தறி நெய்பவர். அட்டையை வாங்கிப் பார்த்து, "ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு அம்மாணவர் எதுவும் செய்து கொண்டுவரவில்லை. பாடங்களில் ஓரளவு நல்ல மதிப்பெண் பெற்றார். நானும் மகிழ்ந்தேன்.

ஹொக்குசாய் என் பள்ளியில் படித்திருந்தால் அவருக்கும் அதே வரியைத்தான் எழுதியிருப்பேன். தம் வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை வைத்துக்கொண்டார். 93 முறை வீடு மாறினார் என்று கூறுவர். வீட்டைப் பெருக்கும் வழக்கம் இல்லை. குப்பை சேர்ந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்வாராம். இதை நான் புகழவில்லை. மேதைகள் அழுக்கில் வாழ்வது அழகு என்று எழுதுவோர் அவருடைய மகளைக் கேட்டிருக்க வேண்டும். தந்தையோடு கடைசிவரை வாழ்ந்த அம்மகளும் சிறந்த ஓவியர். ஓய் என்பது அவர் பெயர். "ஓய்!" என்று தந்தை கூப்பிட்டுக்கூப்பிட்டு அதுவே பெயராயிற்று என்பர். ஜப்பானிய மொழியிலும் அது நம் ஊர் விளிச்சொல்லின் பொருளையே தருகிறது! முதுமையில் ஹொக்குசாய் வெளியிட்டவற்றுள் அவ்வம்மையாரின் கை எவ்வளவு என்று அறிஞர் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.

பெயர்களுள் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபதாண்டுச் சுழற்சி இருப்பதுபோல் அவர்கட்கும் ஒரு சுழற்சி உண்டு. அது நிறைவுற்றால் மனிதர் மீண்டும் பிறந்ததாகக் கொள்வர். 1820இல் அச்சுழற்சி முடிந்தபோது அவர் இயித்சு என்று பெயர் பூண்டார். மீண்டும் ஒன்று என்னும் கருத்துடைய பெயர் அது. நம்மூரில் அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு மாலை மாற்றிக்கொண்டு ஓய்வை நோக்கி நடக்கிறோம். அவர் மறுபடி முதல் எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

அதன்பின் அவருக்குத் துன்பமும் தொடர்ந்தது. 1827ஐ ஒட்டி வாதநோய் தாக்கிற்று. 1828இல் மனைவியார் மறைந்தார். பேரன் ஒருவன் சூதாடிச் சேர்த்த கடன் கிழவர் தலையில் விழுந்தது. இந்நிலையில்தான், எழுபதை எட்டிய வயதில், ஃபூஜி மலையின் 36 காட்சிகள் என்னும் வரிசையைத் தொடங்கினார். மக்கள் விரும்பி வாங்கியதால் மேலும் பத்துச் சேர்த்து 46 படங்களாயின. 1831ஐ ஒட்டி வெளிவந்த பேரலைப் படம் இவ்வரிசையைச் சேர்ந்ததே. நீங்கள் எல்லீரும் அதைப் பார்த்திருப்பீர்கள். சட்டையிலும் கைப்பேசி உறையிலும் அவ்வலை எழுகிறது. 2024ஆம் ஆண்டு ஜப்பான் அரசு வெளியிட்ட 1000 யென் தாளின் பின்புறத்திலும் அது இடம்பெற்றுள்ளது. அன்று அப்படம் ஓரிரு கிண்ணம் சேவை உண்ணும் விலைக்குத் தெருக்கடைகளில் விற்ற சரக்கு.

படத்தை ஒருமுறை மனக்கண்முன் நிறுத்துங்கள். உயர்ந்தெழுந்த அலை, நுரை நகங்களாக வளைகிறது. கீழே மூன்று படகுகள். துடுப்புப் பிடித்தோர் குனிந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றனர். அலையின் வளைவுக்குக் கீழே, தொலைவில், பனி மூடிய ஃபூஜி மலை ஒரு சிறு அலைபோல் தோன்றுகிறது. நாட்டின் மிகப் பெரிய மலை மிகச் சிறியதாக இருக்கிறது! தொலைவில் உள்ளதைச் சிறிதாக்கிக் காட்டும் இம்முறையை அவர் மேலைநாட்டுப் படங்களைப் பார்த்துக் கற்றவர். படத்தின் ஆழ்ந்த நீலமும் வெளிநாட்டிலிருந்து வந்ததே. பிரஷ்ய நீலம் என்னும் அச்சாயம் பெர்லின் நகரில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1830ஐ ஒட்டி ஜப்பானில் அதன் விலை இறங்கியது. அதனால்தான் மலிவுப் படத்தில் இவ்வளவு நீலம் பூச முடிந்தது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். எழுபதுக்கு முன் செய்தது ஒன்றுமில்லை என்றாரல்லவா? பேரலையை வரைவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு முன்பே, 1803ஐ ஒட்டி, கனகாவா அருகே ஒரு படகின்மேல் அலை கவிவதை அவர் வரைந்திருக்கிறார். ஓரிரு ஆண்டுகளில் சரக்குப் படகுகள் அலையோடு போராடும் மற்றொரு படம் செய்தார். அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். பழைய அலை களிமண்ணால் பிடித்ததுபோல் கனத்து நிற்கிறது; நுரையில்லை; எங்கே விழும் என்ற அச்சமில்லை. ஆனால் அலை, படகு, கனகாவாக் கடல் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. எழுபதில் பறித்த கனிக்கு நாற்பத்து மூன்றில் விதை ஊன்றியவர் அவரே. அந்த விதையைத்தான் அவர் கணக்கில் சேர்க்க மறந்தார்.

மற்றொரு சான்றும் உண்டு. 1830களில் எடோவைவிட்டு ஒதுங்கி வாழ்ந்தபோது தம் பதிப்பாளர்க்கு அவர் எழுதிய மடல்களுள் ஒன்றில், செதுக்குவோரைப் பற்றிக் குறை சொல்கிறார். தாம் கீழிமை வரையாத இடத்தில் செதுக்குவோர் தாமாகச் சேர்க்கக் கூடாது. மூக்கையும் தம் முறைப்படியே செதுக்க வேண்டும். நாட்டில் வழங்கும் மற்றோர் ஓவியர் பாணி மூக்கு தமக்கு வேண்டாம் என்று, இருவகை மூக்கையும் மடலிலேயே வரைந்து காட்டுகிறார். உளியின் முனை எந்த இடத்தில் வழுக்கும் என்பது ஒருகாலத்தில் உளி பிடித்தவர்க்கன்றோ தெரியும்? இந்த அறிவு எழுபதுக்குப் பின் வந்ததா?

பலவற்றைச் செய்ததனால் அவருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் மங்கா என்னும் படத்தொகுதி. இன்று அச்சொல் தொடர் சித்திரக் கதைகளைக் குறிக்கிறது. அன்று மனம் போனவாறு வரைந்தவை என்னும் பொருளில் அவர் ஆண்டார். 1814இல் நகோயாவில் முதற்பகுதி வெளிவந்தது. பதினைந்தாம் பகுதி 1878இல்தான், அவர் மறைந்து 29 ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. மல்லர், குளிப்போர், தும்முவோர், தடித்தவர், மெலிந்தவர், கழைக்கூத்தர், பூனை, பாலம், பேய், மழை என ஏறத்தாழ 4000 உருவங்கள் அவற்றில் உள்ளன. ஓவியம் பயிலும் மாணவர்க்காக அவர் தந்த களஞ்சியம் அது. பிற்காலத்தில் பிரான்சு நாட்டு ஓவியர்கள் இவற்றைப் பெருவிருப்போடு வாங்கிச் சேர்த்தனர். தெபுசி என்னும் இசைப் புலவர் கடலைப் பற்றி இயற்றிய பேரிசையின் ஏடு 1905இல் அச்சானபோது அதன் அட்டையில் ஹொக்குசாயின் அலையே பொறிக்கப்பட்டது.

இன்னொரு செய்தி. அச்சுக்குப் போன வரைவுகள் உளிக்கு இரையாகும் என்றேன். 2020ஆம் ஆண்டில் பிரித்தானிய அருங்காட்சியகம் அவர் கையால் வரைந்த 103 சிறு படங்களைப் பெற்றதாக அறிவித்தது. எல்லாப் பொருள்களையும் பற்றிய பெரும் படநூல் ஒன்றுக்காக வரைந்தவை அவை. இந்தியாவையும் சீனத்தையும் தம் கற்பனையால் அவற்றில் வரைந்திருக்கிறார். அந்நூல் ஏனோ அச்சேறவில்லை. அச்சேறாததாலேயே படங்கள் பிழைத்தன. நூல் நின்றுபோனதே என்று அன்று அவர் வருந்தியிருக்கலாம். நிறைவேறாத அப்பணியால்தான் அவருடைய தூரிகையின் கோடு, வேறெவர் உளியும் படாமல், நம் கண்ணுக்கு இன்று கிடைக்கிறது.

வாழ்வின் இறுதிப் பகுதியை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1830களின் பெரும்பஞ்சத்தில் படங்களைக் கொடுத்து அரிசி வாங்கினார். 1839இல் வீடு தீப்பற்றி, சேர்த்து வைத்திருந்த வரைவுகள் சாம்பலாயின. அதன்பின் 1842, 1843ஆம் ஆண்டுகளில் தீமை ஓட்டும் நேர்த்திபோல் காலைதோறும் ஒரு சிங்கம் வரைந்தார். எண்பது கடந்தபின், ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒபுசே என்னும் ஊருக்கு, அங்கிருந்த வணிகப் புரவலர் ஒருவர் பொருட்டுச் சென்று, திருவிழாத் தேர்களின் விதானங்களில் நாகத்தையும் அலைகளையும் எழுதினார். அலை அவரை விடவில்லை பாருங்கள்! அத்தேர் ஓவியங்கள் ஒபுசேயில் இன்றும் உள்ளன.

1849ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தார். நம் கணக்கில் 88, அவர்கள் கணக்கில் 90. அவ்வாண்டில் வரைந்த படமொன்றில் ஃபூஜி மலைக்கு மேலே கரும்புகை சுருண்டு செல்ல, அப்புகைக்குள் ஒரு நாகம் வானோக்கி ஏறுகிறது. கையொப்பத்தோடு தம் வயதையும் 90 என்று எழுதியிருக்கிறார். இறக்குந் தறுவாயில், இன்னும் ஐந்தாண்டு கிடைத்தால் மெய்யான ஓவியனாகிவிடுவேன் என்று கூறியதாகச் சொல்வர். அப்போதும் கணக்கைக் குறைத்தே போட்டிருக்கிறார்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடியும் தறுவாயில் இருக்கிறது. அந்த நெசவாளர் மகனுக்கு இப்போது நாற்பது வயது ஆகியிருக்கும். அவர் எந்த ஊரில், என்ன தொழிலில் இருக்கிறாரோ, வானொலி கேட்கும் வழக்கம் அவருக்கு உண்டோ, அறியேன். ஒருவேளை கேட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தேர்ச்சி அட்டை வீட்டில் எங்கேனும் கிடந்தால், சிவப்பு மையில் உள்ள அந்த வரியை அவரே அடித்துவிடலாம். எழுதியவன் சொல்கிறேன்.